லாஸ்பேட்டையில் ஏறி, திருச்சி போய், பொழுது சாயுமுன் திரும்ப முடியுமா?

ஜனவரி 6, வாசகர் கேள்வி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருத்துவராக இருக்கிறேன். அமெரிக்காவில் வேலை பார்த்தபோது தனியார் விமானி உரிமம் வாங்கினேன். ஊர் திரும்பிய பிறகு தேர்வெழுதி அதை இந்திய உரிமமாகவும் மாற்றிக்கொண்டேன். நண்பர் ஒருவரின் நான்கு இருக்கைச் சிறு விமானம், செஸ்னா 172, இந்த மாதக் கடைசியில் சில நாள் புதுச்சேரியில் நிற்கப் போகிறது. ஒரு நாள் காலையில் மனைவி, அம்மா, மகளுடன் புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ஏறி, திருச்சியில் இறங்கி, ஸ்ரீரங்கத்தில் சேவித்துவிட்டு, மாலை ஆறு மணிக்குக் கிளினிக்கில் உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சாலையில் போனால் ஒரு நாள் முழுதும் போய்விடும், விமானத்தில் அரை நாள் மிச்சம். கணக்கு சரிதானே?

ஜனவரி 6, இரவு

சரியில்லை, டாக்டர். பறக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அவசியம் பறந்து பாருங்கள். ஆனால் நேரம் மிச்சம் என்பதற்காகப் பறக்காதீர்கள்.

புதுச்சேரிக்கும் திருச்சிக்கும் நேர்கோட்டில் 97 நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 180 கிலோமீட்டர். காற்றில்லாத நாளில் 172 ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்த ஒரு மணியை மட்டும் பார்த்து எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து லாஸ்பேட்டைக்குச் சாலையில் ஒரு மணி. அங்கே விமானத்தைச் சுற்றிப் பார்த்து, எரிபொருளைச் சோதித்து, வானிலைக் குறிப்பு வாங்கி, ஃப்ளைட் பிளான் கொடுத்து, அதற்கு விமானத் தகவல் மையம் தரும் எஃப்.ஐ.சி. எண்ணும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வரும்வரை காத்திருக்க இன்னொரு மணி. திருச்சியில் இறங்கி, விமானத்தை ஒதுக்கிக் கட்டி, வெளியே வந்து கார் பிடித்து ஸ்ரீரங்கம் போக மேலும் ஒரு மணி. வீட்டு வாசலிலிருந்து ரங்கா ரங்கா கோபுரம் வரை நான்கு மணி நேரம். பஸ்ஸும் ஏறத்தாழ அவ்வளவுதான். விழுப்புரம் போய் விரைவு ரயில் ஏறினால் இரண்டரை மணிக்குள் திருச்சி ஜங்ஷனில் இறங்கிவிடலாம்.

எனவே பறப்பதற்காகவே பறங்கள். போகும் இடம் அதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

அந்த ஆறு மணிக் கிளினிக்கை இன்றே ரத்து செய்துவிடுங்கள். உங்கள் திட்டத்தில் என்னை உறுத்துவது எரிபொருளோ வழியோ எடையோ இல்லை, அந்த ஆறு மணிதான். சூரியன் மறைந்த பிறகு கண்பார்வை விதிகளின்படி, அதாவது கருவிகளை நம்பாமல் வெளியே கண்ணால் பார்த்து, ஊர்விட்டு ஊர் பறக்க முடியாது. ஜனவரிக் கடைசியில் நமக்குச் சூரியன் மறைவது 6.10 வாக்கில். லாஸ்பேட்டைக் கோபுரத்தின் பணி நேரம் அதற்கும் முன்பே முடியலாம். அன்றன்றைய நோட்டாமில், அதாவது விமானிகளுக்கான அறிவிப்பில், பாருங்கள். ஆக, மாலை ஆறு மணிக்கு நீங்கள் நாற்காலியில் இருக்க வேண்டுமானால், மூன்று மணிக்குத் திருச்சியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மணிக்கு வானம் எப்படி இருக்கும் என்று காலையில் யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஜனவரி 7

விழுப்புரத்து நண்பர் கேட்கிறார்: டேப்லெட்டில் வரைபடம் நகர்கிறது, ஜி.பி.எஸ். இருக்கிறது, இத்தனை அச்சம் எதற்கு?

வழி தவறுவதைப் பற்றி நான் பேசவே இல்லை. இந்த வழியில் தொலைந்துபோவது கடினம். லாஸ்பேட்டையில் காலையில் பெரும்பாலும் மேற்கு நோக்கி, 25ஆம் ரன்வேயில் எழும்புவீர்கள். ஊசுட்டேரி கீழே வரும். தென்மேற்கே திரும்பினால் தென்பெண்ணை, பிறகு கெடிலம். சற்று நேரத்தில் நெய்வேலி. சுரங்கக் குழியையும் மண்மேடுகளையும் புகைபோக்கிகளையும் இருபது மைலுக்கு அப்பாலிருந்தே அடையாளம் காணலாம். இடப்பக்கம் வீராணம் ஏரி நீளமாகத் தெரியும், வலப்பக்கம் விருத்தாசலம் ரயில் சந்திப்பு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரிகளின் வெள்ளைப் பள்ளங்கள். அப்புறம் கொள்ளிடமும் காவிரியும், நடுவே தீவாக ஸ்ரீரங்கம்.

திசை 222 பாகை, மேற்குப் பக்கம் போகும் பயணம் என்பதால் உயரம் 4,500 அடி. திரும்பும்போது 042 பாகை, 3,500 அல்லது 5,500. மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 300 மீட்டர், பார்வைத் தூரம் 5 கிலோமீட்டர். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் கண்பார்வை விமானி இல்லை. டேப்லெட் இதை மாற்றாது.

ஜனவரி 7, பின்னிரவு

ஒரு சேர்க்கை. வடக்கே மாமல்லபுரம் பக்கம் கடற்கரையோரமாகப் பறக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றித் தடை செய்யப்பட்ட வான்பரப்பு இருக்கிறது. அதற்கு அப்பால் தாம்பரம் விமானப்படைத் தளமும் சென்னைப் பெருநிலையத்தின் நெரிசலும். முதல் நெடும்பயணத்துக்குத் தெற்கும் தென்மேற்கும்தான் நல்லது.

ஜனவரி 9

"நேரத்தைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று மட்டும் சொன்னால் போதுமா, அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

நான் பயிற்றுநராக இருந்த காலம். ஒரு செப்டம்பர் பிற்பகலில் மாணவன் ஒருவனோடு சேலத்திலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம், காமலாபுரத்தில் இருக்கிறது. கிழக்கே சேர்வராயன் மலை, அதற்கும் கிழக்கே வழியில் கல்வராயன். காலையில் வந்தபோது துடைத்துவிட்டதுபோல் இருந்த வானம். மதியம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது கல்வராயன் உச்சியில் இரண்டு மூன்று மேகங்கள் காலிபிளவர் போல முளைத்திருந்தன. தெற்கே ஒதுங்கிப் போகலாம் என்று கிளம்பினோம்.

ஆத்தூரைத் தாண்டுவதற்குள் அந்த மேகங்கள் ஒன்று சேர்ந்துவிட்டன. உச்சி தட்டையாகப் பரந்து சூரியனை மறைத்தது. அடிப்பகுதி கருநீலம். சின்னசேலம் பக்கம் தரையைப் பார்த்தேன். வயல்வெளியில் ஒரு புழுதிக் கோடு, நேராக, எங்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மழைக்கு முன்னால் ஓடிவரும் காற்று அது. அதற்குப் பின்னால் மரங்கள் ஒரே திசையில் சாய்ந்து இலைகளின் வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டின. அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சிறு விமானம் போனால் என்ன ஆகும் என்று மாணவனுக்குப் பாடத்தில் சொல்லியிருந்தேன். இப்போது அவன் கண்ணாலேயே பார்த்தான்.

அவன் அக்காவுக்கு அன்று மாலை முத்தியால்பேட்டையில் நிச்சயதார்த்தம். காலையிலிருந்தே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். "சார், வடக்கே ஒரு இடைவெளி தெரிகிறது" என்றான். தெரிந்தது. இரண்டு மழைத்திரைகளுக்கு நடுவே வெளிச்சமாக ஒரு சந்து, அதற்கு அப்பால் வெயில். அப்படிப்பட்ட சந்துகள் பத்து நிமிடத்தில் மூடிக்கொள்ளும். நுழைந்த பிறகு பின்னாலும் மூடிக்கொள்ளும்.

தெற்கே திருப்பித் திருச்சிக்குப் போனோம். இறங்கி, விமானத்தை மூன்று இடத்தில் கயிறு போட்டுக் கட்டி, கட்டுப்பாட்டு விசைகளைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறினோம். ஹெட்செட் பைகளை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை வழியாக வந்தோம். உளுந்தூர்பேட்டைக்கு அருகே மழை அப்படி அடித்தது, டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். மாணவன் நிச்சயதார்த்தத்துக்குப் போகவில்லை. மறுநாள் நானும் இன்னொருவரும் போய் விமானத்தை எடுத்து வந்தோம். விமானத்தை வெளியூரில் இரவு போட்டதற்காக மேலிடத்தில் கேட்டார்கள், காரணத்தைச் சொன்னேன்.

டாக்டர், அங்கே முடிவெடுக்க வேண்டியவன் நான், என்னை எங்கும் யாரும் எதிர்பார்க்கவில்லை. அதனால் முடிவு எளிதாக வந்தது. மாணவன் தனியாக இருந்திருந்தால் அந்தச் சந்து அவனுக்குக் கதவாகத் தெரிந்திருக்கும். உங்களுக்குக் கிளினிக் வாசலில் நாற்பது நோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் எப்படித் தெரியும்?

ஜனவரி 10

மேலே எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஜனவரியில் இடிமேகம் வராதே என்று டாக்டர் சொல்லக்கூடும். அது உண்மை. அந்தந்த மாதத்துக்கு அந்தந்தத் தடை. ஆனால் திரும்பும் பயணத்துக்கு மாற்று வழி வைத்திருக்க வேண்டும் என்பது எல்லா மாதத்துக்கும் பொருந்தும். நான் சொல்லும் முறை இது: கிளம்பும் முன்பே அன்று மாலை திருச்சியிலிருந்து விழுப்புரம் வரும் ரயிலில் நான்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள். தேவைப்படாவிட்டால் ரத்து செய்யலாம். சட்டைப்பையில் டிக்கெட் இருக்கும்போது மனிதன் வானத்தை வேறு கண்ணால் பார்க்கிறான்.

ஜனவரி 11

எடை. நான்கு இருக்கை என்றால் நான்கு பேர் என்று பொருளில்லை. 172எஸ் மாடலின் உச்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானம் எவ்வளவு என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும், அதன் எடைத்தாளில் இருக்கும். 770 கிலோ என்று வைத்தால், ஆளுக்கும் மூட்டைக்கும் எரிபொருளுக்கும் சேர்த்து மிச்சம் 387. முழுத் தொட்டியில் பயன்படும் எரிபொருள் 200 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144. ஆளுக்கு மிஞ்சுவது 243. நீங்கள் நால்வரும் ஒரு பையும் அதைத் தாண்டக்கூடும். அப்படியானால் தொட்டியைக் குறைக்க வேண்டும். குறைக்க இடமிருக்கிறது. போகவர இரண்டு மணிக்குச் சற்று மேல், மணிக்கு 35 லிட்டர், மாற்று நிலையத்துக்கும் கையிருப்புக்கும் சேர்த்து 140 லிட்டர் போதும். ஸ்ரீரங்கத்தில் வாங்கும் பித்தளைப் பாத்திரங்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 12

"திருச்சி சர்வதேச விமான நிலையம், அங்கே எரிபொருள் கிடைக்காதா?" என்ற கேள்விக்குத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் இது உயிர்போகும் விஷயம்.

பெரிய விமானங்களுக்குப் போடுவது ஏ.டி.எஃப்., மண்ணெண்ணெய் வகை. 172இன் பிஸ்டன் எஞ்சினுக்கு வேண்டியது ஏவ்காஸ் 100எல்எல், பெட்ரோல் வகை. பிஸ்டன் எஞ்சினில் ஏ.டி.எஃப். போனால், குழாய்களில் மிச்சமிருக்கும் நல்ல எரிபொருளில் ஓடி எழும்பிவிட்டு, மேலே போய் நின்றுவிடும். ஏவ்காஸ் நம் நாட்டில் எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை. 2022 வரை முழுவதும் இறக்குமதிதான். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து வெளியிட்டது. இன்றும் பல ஊர்களில் பீப்பாயில் வந்தால்தான் உண்டு. போகவர இரண்டுக்கும் புதுச்சேரியிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். வரும் என்று சொன்ன பீப்பாய் வராமல் ஒரு நிலையத்தில் இரண்டு நாள் கிடந்திருக்கிறேன்.

டயமண்ட் டி.ஏ.40 என்.ஜி. போன்ற டீசல் எஞ்சின் விமானம் ஏ.டி.எஃப்.இல் ஓடும், அதை வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியான செய்தி. டாக்டருக்கு வருவது 172.

சோதிக்கும் விதத்தை நேரில் காட்டுவதுபோல் எழுதுகிறேன். இறக்கைக்கு அடியில், தொட்டியின் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு வால்வு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குடுவையின் நடுவிலுள்ள குச்சியால் அதை அழுத்தினால் எரிபொருள் குடுவையில் இறங்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். இளநீலமாக, தெளிவாக இருக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் நிறமில்லாத மணியாக உருண்டு நிற்கும், குடுவையைச் சாய்த்தால் அதுவும் கூடவே ஓடும். நம் கடற்கரை ஈரத்தில் அரைத் தொட்டியோடு இரவு முழுதும் நின்ற விமானத்தில் அந்த மணியை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். குடுவை முழுதும் தண்ணீராகவே இருந்தாலும் தெளிவாகத்தான் தெரியும். அதனால் தெளிவை மட்டும் நம்பாதீர்கள், நீலம் இருக்கிறதா என்று பாருங்கள், மோந்தும் பாருங்கள். எல்லா வால்வுகளிலும், மணி வராமல் போகும்வரை எடுங்கள்.

ஜனவரி 14, போகி

இன்று விடியற்காலை தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கப் போனேன். கலங்கரை விளக்கத்தைப் பாதி தூரம் போன பிறகுதான் பார்க்க முடிந்தது. பனியும் புகையும். 2018 போகியன்று சென்னையில் புகையால் விமானங்கள் பல ரத்தாயின, பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. கருவி வசதியுள்ள பெரிய விமானங்களுக்கே அந்தக் கதி.

டாக்டருக்கு: ஜனவரி நல்ல மாதம், காற்று அமைதி, குளிர்ந்த காற்றில் எஞ்சினும் இறக்கையும் நன்றாக வேலை செய்யும். ஆனால் காலைப் பனி எட்டரை, ஒன்பது வரை விலகாது. கடற்கரையில் விலகினாலும் காவிரிக் கரையில் தங்கி நிற்கும். ஆறரைக்கு எழும்புவேன் என்று திட்டம் போட்டால் நாளின் முதல் மூன்று மணி காத்திருப்பிலேயே போய்விடும். ஒன்பதரை என்று போடுங்கள். திருச்சியின் வானிலை அறிக்கையை எடுத்து, பார்வைத் தூரம் ஏறுகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று அரை மணிக்கொரு முறை பாருங்கள். ஒரு தனி எண்ணைவிட அது போகும் போக்கு அதிகம் சொல்லும்.

ஜனவரி 17

அம்மாவை முதல் பயணத்தில் அழைத்துப் போக வேண்டாம் என்று தனி மடலில் டாக்டருக்கு எழுதியிருந்தேன். யோசித்ததில் அதைத் தளர்த்துகிறேன். வயதானவர் வருவதில் தடையில்லை. சளி இருந்தால் மட்டும் வேண்டாம், இறங்கும்போது காது அடைத்து வலி உயிரை எடுக்கும். மகளுக்கும் அதே விதி. நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் வேகமாக இறங்காதீர்கள், குழந்தைக்கு வாயில் ஒரு மிட்டாய் கொடுங்கள். காலையில் இட்லி போதும், பொங்கல் வேண்டாம். கழிப்பறை இல்லை என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அம்மாவை முன் இருக்கையில் வைத்து, எதிரே இருக்கும் விமானம் ஓட்டும் கைப்பிடியைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று மட்டும் புரியவையுங்கள். பின் இருக்கையில் இருப்பவர்களுக்குத்தான் குமட்டல் அதிகம்.

ஜனவரி 18

அந்தி வேளையில் புதுச்சேரிக் கடலுக்கு மேல் ஒரு வட்டமடித்துக் கடற்கரைச் சாலையைப் படமெடுத்துவிட்டு இறங்கினால் அழகாக இருக்குமே என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்.

தம்பி, வேண்டாம். நமக்குச் சூரியன் நிலத்தின் பக்கம் மறைகிறது, கடல் பக்கம் முதலில் இருள்கிறது. மங்கல் உள்ள மாலையில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, அடிவானக் கோடு அழிந்துபோகும். கிழக்கே திரும்பிய நொடியில் இறக்கை சமமாக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று உடம்புக்குத் தெரியாது, உட்காது பொய் சொல்லும். 1999 ஜூலை 16 இரவு அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் பைப்பர் சரடோகா விமானத்தில் மனைவியோடும் அவர் அக்காவோடும் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குப் போகும்போது நடந்தது அதுதான். மங்கலான இரவு, கடலுக்கு மேலே இறக்கம், திசையுணர்வு குழம்பி விமானம் கடலில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள். எஞ்சினில் குறையில்லை. படத்தைக் காலை பத்து மணிக்கு எடுக்கலாம்.

ஜனவரி 22

எரிபொருள் செலவைப் பயணிகளிடம் பிரித்துக்கொள்ளலாமா? தனியார் விமானி உரிமத்தில் கூலிக்கோ வாடகைக்கோ ஆளேற்றக் கூடாது. உங்கள் குடும்பம், உங்கள் செலவு. அதோடு விடுங்கள்.

ஜனவரி 31

டாக்டர் நேற்று போய்வந்துவிட்டார். அவர் அனுப்பிய குறிப்பை அவர் அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்.

பனி விலகாததால் பத்து மணிக்குப் பிறகுதான் எழும்பியிருக்கிறார்கள். கிளினிக்கை அன்று முழுவதும் மூடிவிட்டார். ரயில் டிக்கெட் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் கூட்டம், தாயார் சன்னதியோடு திரும்பிவிட்டார்கள், பெரிய பெருமாளைச் சேவிக்கவில்லை. அம்மாவுக்கு அதில் மனக்குறை. ஆனால் மேலிருந்து ஏழு மதில்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பார்த்தது அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷமாம். வாய்விட்டுப் பாசுரம் சொல்ல, ஹெட்செட்டில் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது.

நான் எழுத விரும்புவது திரும்பி வந்ததைப் பற்றி. நான்கரை மணிக்குக் கடல்காற்று நன்றாகப் பிடித்திருந்ததால் 07ஆம் ரன்வே கொடுத்திருக்கிறார்கள். மேற்கிலிருந்து வந்து இறங்க வேண்டும். அந்த நேர்கோடு ஊசுட்டேரியை ஒட்டியே வருகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கும், மாலையில் கூடு திரும்பும் கொக்குக் கூட்டங்கள் வேறு. டாக்டர் இறுதிக் கட்டத்தில் இருந்தபோது ஒரு கூட்டம் குறுக்கே எழும்பியிருக்கிறது. முழு விசை கொடுத்து, இறங்காமல் மேலேறி, இன்னொரு சுற்று வந்து இறங்கினார். மனைவி பயந்துபோனாராம், "ஏன் இறங்கவில்லை?" என்று வீடு வரும்வரை கேட்டாராம்.

அம்மா, நீங்கள் இதைப் படித்தால்: உங்கள் கணவர் அந்த நாளில் செய்தவற்றில் மிகச் சரியானது அதுதான். பறவைகள் பொதுவாகக் கீழ்நோக்கித்தான் ஒதுங்கும், விமானி மேலேற வேண்டும். ஆறு மணிக்கு யாரும் காத்திருக்கவில்லை என்பதால் அந்த இன்னொரு சுற்று அவருக்குக் கனமாக இல்லை. எரிபொருளும் இருந்தது.

பிப்ரவரி 3

"அப்படியானால் பெருமாளைச் சேவிக்காமல் வந்ததுதானே மிச்சம்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. மறுபடி போகலாம். ரயிலிலும் போகலாம்.

மே 11

அதே டாக்டர் இப்போது பெங்களூரு ஜக்கூருக்குப் போகலாமா என்று கேட்கிறார். தூரம் 146 நாட்டிக்கல் மைல். இந்த மாதத்தில் வேண்டாம் என்பேன். கடல்மட்டத்தில் வெப்பம் 15 பாகை என்று வைத்துத்தான் எஞ்சின் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் விமானம் சுமார் 120 அடி உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். இன்று கடலூரில் 38. தரையில் நிற்கும்போதே அது 2,700 அடிக்கு மேல் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. ஜக்கூர் ஏற்கெனவே ஏறக்குறைய 3,000 அடியில் இருக்கிறது. அந்த உயரத்தில் கணக்கின் அடிப்படை வெப்பம் 15 இல்லை, 9 பாகைதான். அங்கே 32 பாகை என்றால் விமானத்துக்கு அது 5,800 அடி. ஓடுபாதையோ புதுச்சேரியின் 1,500 மீட்டரைவிட மிகக் குட்டை. நால்வரை ஏற்றிக்கொண்டு மதியம் அங்கிருந்து எழும்புவதை நான் விரும்பமாட்டேன். டிசம்பரில் இருவராகப் போங்கள், காலை எட்டு மணிக்குள் அங்கிருந்து எழும்புங்கள். அதாவது முந்திய நாளே போய்த் தங்குங்கள். அன்றே போய் அன்றே வருவது அந்த வழிக்குப் பொருந்தாது.

ஜூலை 24

பயிற்சி மாணவி ஒருவர் கேட்கிறார்: வணிக விமானி உரிமத்துக்கு 300 நாட்டிக்கல் மைல் பயணம், இரண்டு வேறு நிலையங்களில் முழுதாக இறங்கி நிற்க வேண்டும். புதுச்சேரி, சேலம், திருச்சி, மறுபடி புதுச்சேரி என்றால் போதுமா?

போதாது, 272தான் வரும். திருச்சி, மதுரை, புதுச்சேரி என்று போட்டால் 325ஐத் தாண்டும்.

ஆனால் ஆடி பிறந்துவிட்டது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது திருச்சிக்காரர்களுக்கு வெறும் பழமொழி இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று சமவெளி முழுதும் வீசி அடிக்கும். மேலே 25 நாட், அதாவது மணிக்கு 25 நாட்டிக்கல் மைல், மேற்குக் காற்று என்று வை. உன் விமானம் 100 நாட். திருச்சிக்குப் போகும்போது தரைவேகம் 81, 72 நிமிடம். திரும்பும்போது 115, 51 நிமிடம். போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும் என்று சொல்வார்கள். கூட்டிப் பார்: 123. காற்றில்லாத நாளில் 116. கிடைக்காது. இது 97 மைலுக்கு. 300 மைலுக்குப் பெருக்கி, மதுரையிலிருந்து வரும் நீண்ட கடைசிக் கட்டத்தைத் தனியாகப் போடு.

ரன்வே திருச்சியில் 09/27, அதாவது கிழக்கு மேற்காக, அதனால் மேற்குக் காற்று நேராகத்தான் வரும், அது ஒரு வசதி. புதுச்சேரியில் அப்படியில்லை. பிற்பகலில் மேற்குக் காற்றும் கடல்காற்றும் முட்டிக்கொள்ளும், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை ஐந்து நிமிடத்தில் எதிர்ப்பக்கம் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். கோபுரம் சொல்லும் காற்றை ஒவ்வொரு முறையும் கேள், பிறகு பையையும் பார்.

தனியாகப் போவதால் உன் பயிற்றுநரிடம் ஒரு உறுதி வாங்கிக்கொள்: எந்த ஊரில் விமானத்தைப் போட்டுவிட்டு வந்தாலும் கேள்வி கேட்கமாட்டேன் என்று. அதை அவர் தரவில்லையென்றால் அந்த நாள் கிளம்பாதே. தந்துவிட்டால், காரைக்கால் ரேடார் படத்தைக் காலையிலும் மதுரையிலும் பார்த்துக்கொள், பிற்பகல் இரண்டு மணிக்குள் லாஸ்பேட்டையில் இறங்கும்படி பிளான் கொடு. கட்டும் கயிறு மூன்றும் பையில் இருக்கட்டும், எல்லா ஊரிலும் கொடுக்கமாட்டார்கள்.